பதிவேட்டில் ஏறாத டிரம்

எங்கள் தெருவில் யாரும் துணியை வெளியே காயப்போடுவதில்லை. சாயங்காலத்துக்குள் கரி படிந்துவிடும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய தெரு. அந்தக் கரியைக் கக்கும் இரும்பு உருக்காலை ஒன்றில்தான் நைனா இருபத்திரண்டு வருஷமாக வேலை செய்கிறார். அங்கே தூசி பிடிக்கும் பெரிய இயந்திரம் இருக்கிறது. கரண்ட் பில் தாங்காது என்று அதை ஓட்டமாட்டார்கள். அதிகாரிகள் வரும் அன்று மட்டும் ஓடும்.

அதனால் நைனா ஓர் எண்ணெய் டிரம்முக்குள் தகரத்தைச் சுருளாக வளைத்துப் பொருத்தினார். காற்று சுழன்று மேலே போகும், தூசி அடியில் தங்கும். சின்ன ஃபேன் ஒன்று போதும். இரண்டு வருஷத்தில் நாலு டிரம் வீணானது. ஐந்தாவதில் அடுப்புச் சாம்பலை ஊதிவிட்டு, மேல்வாயில் அவருடைய வெள்ளை வேட்டியைப் பிடித்தோம். வேட்டி வெள்ளையாகவே இருந்தது.

"கரண்டுதான அவங்களுக்குப் பேஜாரு? இனிமே அது இல்ல" என்றார்.

"மிஷின ஓட்டாம இருக்க அது ஒரு சாக்கு. அதப் புடுங்கினா உனுக்கு மாலையா போடுவாங்க?" என்றாள் அம்மா.

திங்கட்கிழமை திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸ் மனுநாளில் டிரம்மைக் காட்டுவதாக முடிவு. அதற்கு முன் தன் கம்பெனிக்குக் காட்டுவதுதான் மரியாதை என்று நைனா நினைத்தார். சனிக்கிழமை டிவிஎஸ்ஸில் கட்டி எடுத்துப் போனோம். பின்னால் உட்கார்ந்து நான் பிடித்துக்கொண்டேன்.

வெளியிலிருந்து வரும் சாமானை கேட்டில் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதாதது திரும்பி வெளியே போகாது. புதிதாக வரும் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு நைனாவே இதைச் சொல்லிக்கொடுப்பார். அன்று செக்யூரிட்டி வெங்கடேசன் டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

"உன் சாமானுக்கு இன்னாத்துக்கு என்ட்ரி அண்ணே? போ, மேனேஜர் வெயிட் பண்றாரு."

நைனா சிரித்துக்கொண்டே போய்விட்டார். எழுதச் சொல்ல எனக்கு வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

மேனேஜர் ஃபேனைப் போட்டுப் பார்த்தார்.

"எவ்ளோ கரண்ட் இழுக்கும்?"

"ரெண்டு டியூப்லைட்டு எரியற கரண்டு சார். திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ்லயும் காட்டப் போறேன்."

மேனேஜர் தலையாட்டினார். நல்லா இருக்கு, எடுத்துக்கினு போ என்றார்.

திரும்பி வந்தபோது கேட் மூடியிருந்தது. வெங்கடேசன் பதிவேட்டை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"என்ட்ரி இல்லியே அண்ணே. என்ட்ரி இல்லாதது கம்பெனி சாமான்."

"நீதானடா வோணாம்ன?"

"போன் வந்துச்சு. நான் இன்னா பண்ணட்டும்? டீ குடிக்கறியா?"

"காலையில இவருதான் எழுத வேணாம்னாரு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

டிரம்மை பழைய இரும்புக் குவியலில் போட்டார்கள்.

திங்கட்கிழமை காட்ட ஒன்றும் இல்லை. நைனா ஷிப்டுக்குப் போனார். காந்தக் கிரேன் குவியலோடு டிரம்மையும் தூக்கி உலையில் போட்டது. உலைவாயில் கம்பியோடு நின்றது அவர்தான்.

சாயங்காலம் கை கழுவி வந்து சுவரில் சாய்ந்தார். அம்மா ஜன்னலைச் சாத்தினாள்.

"அடுத்த தபா என்ட்ரி போட்டுட்டுத்தான் உள்ள போவணும்" என்றார்.

"அடுத்த தபாவா?" என்றாள் அம்மா.

அவர் என்னைப் பார்த்தார். "தகரம் எத்தினி சுத்து வெச்சோம், ஞாபகம் இருக்குதா?"

அவர் எதையும் எழுதிவைப்பதில்லை. நான்தான் யாருக்கும் தெரியாமல் எழுதிவருகிறேன். அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து நோட்டை எடுத்து வந்து, "பதினொன்னு" என்றேன்.

நைனா தூங்கிவிட்டிருந்தார்.