எட்டு ஜிபிக்கு நாலுதான்

செமராங்கின் கடலோரத் தெருக்களில் கடல் பொங்கி வரும் ரோப் தண்ணீர் ஏறினால், சாமான்களோடு மனிதர்களும் பரணுக்கு ஏறிவிடுவார்கள். மீட்டர் பெட்டியைக்கூடக் கூரை உயரத்துக்குத் தூக்கிவிட்ட தெரு அது. அன்றைக்குக் காலை எட்டு மணிக்கே கீழே இடுப்பளவு தண்ணீர். நிமிர்ந்தால் தகரம் தலையில் இடிக்கும் பரணில், ருமியாத்தியும் அவள் புருஷன் கஸ்மூரியும் கணினியை நடுவில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார்கள்.

பத்து மணிக்கு அவளுக்குத் தேர்வு. ஒன்பது வருஷமாகத் தற்காலிக டீச்சர். நிரந்தரமாக வேண்டுமென்றால் முப்பத்தைந்து முடிவதற்குள் தேற வேண்டும். அவளுக்கோ அடுத்த மாதம் முப்பத்தாறு பிறக்கிறது. தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாம்தான். ஆனால் எட்டு ஜிபி மெமரி இல்லாத கணினியில் அந்தச் செயலி திறக்கவே திறக்காது. நேற்றுவரை எட்டு இருந்தது. இன்று திரை நாலு என்கிறது.

"பாதி எங்க மாஸ் போச்சு? எலி தின்னுச்சா?" அவளுக்கு அவன் மாஸ்; அவனுக்கு அவள் டிக்.

"ஈரம் பட்டிருக்கும், டிக். ரப்பரால தேய்ச்சுப் பாரு."

கரண்ட் வயரைப் பிடுங்கினாள். மெமரிப் பட்டைகளான இரண்டு ராமையும் கழற்றி, அவற்றின் மஞ்சள் ஓரத்தைப் பள்ளிக்கூட அழிரப்பரால் தேய்த்து, தூள் போக ஊதி மாட்டினாள். நாலுதான்.

பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். உள்பக்கத்து ஸ்லாட்டில் எந்த ராமைப் போட்டாலும் ஓடியது. வெளிப்பக்கத்து ஸ்லாட்டில் எதைப் போட்டாலும் திரை இருட்டு.

"ராம் ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. அந்த ஸ்லாட்தான் செத்துப்போச்சு."

"கடைக்கு எடுத்துட்டுப் போவமா?"

"எப்படி? தலையில வச்சு நீந்தியா?"

தகரம் சுடத் தொடங்கியிருந்தது. மணி ஒன்பது தாண்டிவிட்டது. நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது? பரண் சூட்டுக்காகப் பெரிய ஃபேன் ஒன்று வாங்கி ப்ராசஸர் மேல் மாட்டியதுதான். மாட்டியவன் கஸ்மூரி. துறைமுகத்தில் சரக்கை இறுக்கிக் கட்டுவது அவன் வேலை.

"ஸ்க்ரூவ எவ்வளவு முறுக்குனீங்க?"

"அது முனகுற வரைக்கும். லூசா விட்டா சரக்கு கடலுக்குப் போயிடுமே."

"இது கப்பலா மாஸ்?"

"தண்ணி மேலதானே நிக்குது!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ப்ராசஸருக்கு அடியில் முடி மாதிரி மெல்லிய கம்பிகள். ஒரு மூலையை அளவுக்கு மீறி அழுத்தினால் எதிர்மூலை தூக்கிக்கொள்ளும். அங்கே தொடுப்பு விட்டுப்போனால் ஸ்லாட் குருடாகிவிடும்.

"தளர்த்துங்க."

"தளர்த்தினா ஏணியில இறக்குறப்ப கழண்டு விழுந்துடும்டி. பதினாறு வருஷமா கட்டுறேன், ஒரு பெட்டி அசைஞ்சதில்ல!"

"அசையலைங்கிறதுதான் இப்ப வியாதி. ஸ்க்ரூடிரைவரக் குடுங்க இங்க."

எதிரெதிர் மூலைகளாக அரைச் சுற்று தளர்த்தினாள். நாலு. வியர்வை கண்ணில் இறங்கியது. அணைத்து, இன்னும் கால் சுற்று தளர்த்தினாள். கஸ்மூரி தான் முறுக்கிய ஸ்க்ரூக்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எட்டு.

அப்போது மணி ஒன்பது ஐம்பது. செயலி திறந்தது. திரையில் கண்ணாடி போட்ட கண்காணிப்பாளர் ஒருவர் வந்தார். "இபு, கேமராவச் சுத்திக் காட்டுங்க. ரூம்ல நீங்க மட்டும்தான் இருக்கணும். வேற ஆள் குரல் கேட்டாலும் ரத்து."

ருமியாத்தி மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். போவதற்கு வேறு எங்கே இடம்?

"மூணு மணி நேரம் மாஸ்," என்றாள், உதட்டை மட்டும் அசைத்து.

அவன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினான். கீழே தண்ணீர் அவன் இடுப்பைச் சுற்றி மூடிக்கொண்டது. சத்தம் வராமல் இருக்க, ஏணிக்காலை இரு கையாலும் அணைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான்.

அவள் கேமராவைச் சுற்றினாள். தகரம், அரிசிமூட்டை, சுருட்டி வைத்த பாய்.

"நான் மட்டும்தான், பாக்," என்றாள் கண்காணிப்பாளரிடம்.

முதல் கேள்வி திரையில் வந்தது. கீழே ஒரு சின்னச் சலசலப்புக்கூட இல்லை.