ஓரத்து மீன்கள்

எனக்கு வாய் நீளம்னு கம்பெனி பூரா பேரு. இருக்கட்டும், அதனால யார் குடியும் கெட்டதில்ல. ஆனா அன்னிக்கு வாயை மூடிக்கிட்டு கையால ஒரு வேலை பண்ணேன் பாருங்க, அதை நெனச்சா இப்பவும் பத்திக்கிட்டு வருது.

சேதராப்பட்டுல மருந்து பாட்டில் மூடி செய்யுற கம்பெனி எங்களுது. நானும் அஞ்சலாட்சியும் செக்கிங்ல பக்கத்துப் பக்கத்து ஸ்டூல். பெல்ட்டுல மூடி வந்துக்கிட்டே இருக்கும். கீறினது, கோணினது எல்லாத்தையும் பொறுக்கி எடுக்கணும். பதினோரு வருசமா இதே பொழப்பு. நான் பேசுவேன், அவ திட்டுவா, பொழுது போயிரும்.

போன மாசம் எல்லாருக்கும் கண்ணு டெஸ்டுன்னு நோட்டீஸ் ஒட்டினாங்க. அதைப் பாத்ததுலேர்ந்து அஞ்சலாட்சி சரியாவே சாப்பிடல.

"செல்வாம்பா, எனக்குக் கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருக்குடி. ரோட்டைக் கடக்கையில வண்டி கிட்ட வந்தப்புறம்தான் தெரியுது. டெஸ்டுல மாட்டினா செக்கிங்லேர்ந்து தூக்கிடுவாங்க. போன வருசம் ஒருத்தியைத் தூக்கினாங்கல்ல?"

அவளுக்குப் புருசன் இல்ல. பொண்ணு லாஸ்பேட்டை காலேஜ்ல படிக்குது. இவ சம்பளத்துலதான் எல்லாம் ஓடுது.

"அட, நான் இருக்கேன்ல, விடு"ன்னேன். பெரிய இவளாட்டம்.

கேன்டீன்ல ஜன்னலை எல்லாம் சாத்தி இருட்டாக்கி வெச்சிருந்தாங்க. எழுத்து அட்டை மாட்டியிருக்கும்னு போனா, அங்க டேப்லெட்டுல வீடியோ கேம்! ஹேமலதான்னு ஒரு பொண்ணு, டெஸ்ட் எடுக்க வந்தது, எப்படி ஆடணும்னு சொல்லிக் குடுத்துச்சு. கடல் நடுவுல ஒரு படகு நிக்கும். கண்ணு படகை விட்டு நகரக் கூடாது. சுத்தி எங்கயாவது குட்டி மீன் மின்னும். மின்னினதும் பட்டனை அமுக்கணும். ஒரு கண்ணை மூடிக்கிட்டு, ஒவ்வொரு கண்ணா ஆடணும்.

"அம்பது வயசுல நம்மளை வீடியோ கேம் ஆட வெச்சுட்டாங்களேடி"ன்னு லைன்ல ஒரே சிரிப்பு. எனக்கு ரெண்டு கண்ணுக்கும் தொண்ணூறுக்கு மேல வந்துச்சு.

அடுத்து அஞ்சலாட்சி. வலது கண்ணுல நல்லாவே ஆடினா. இடது கண்ணுக்கு வந்தப்பதான் பாத்தேன். இடப்பக்க ஓரத்துல மீன் மின்னுது, இவ கல்லாட்டம் உக்காந்திருக்கா. அந்தப் பொண்ணு பேரு எழுதுறதுல குனிஞ்சிருந்துச்சு. நான் பின்னால போய் நின்னு அவ தோள்ல கையை வெச்சேன். மீன் வந்தா ஒரு அழுத்து. அவ பட்டனை ஒரு அமுக்கு. ஸ்கூல் பரீட்சையிலயே பக்கத்துல இருக்கவளுக்குப் பேப்பரைச் சாய்ச்சுக் காட்டினவ நான். அந்தப் புத்தி எங்க போவும்?

எண்பத்தெட்டு வந்துச்சு. "சூப்பர்க்கா"ன்னுச்சு ஹேமலதா. அஞ்சலாட்சி என் கையை ஒரு கிள்ளு கிள்ளினா. அவ்வளவு சந்தோசம் அவளுக்கு.

லைன்ல நின்ன ஒருத்தி சும்மா இல்லாம, "ஏம்மா, மீன் புடிச்சா கண்ணு நல்லாருக்குன்னு எப்படித் தெரியும்?"னு கேட்டா.

"கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறுற நோய் ஒன்னு இருக்குக்கா. வலியே இருக்காது. ஓரத்துலேர்ந்து பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமா தின்னுக்கிட்டே வரும். போனது திரும்பி வராது. இப்பவே சொட்டு மருந்து போட ஆரம்பிச்சா, இருக்கறதைக் காப்பாத்திக்கலாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த கேம்."

அடிப்பாவி செல்வாம்பா, என்னா காரியம்டி பண்ணிட்டேன்னு என்னையே நான் வைஞ்சுக்கிட்டேன். பேசாம இருந்துட்டா அவ வேலை தப்பிக்கும். ஆனா கண்ணு? நேரா ஹேமலதாகிட்ட போயிட்டேன்.

"பாப்பா, அந்த எண்பத்தெட்டு அவளுது இல்ல. நான்தான் தோளை அழுத்தி அழுத்திக் காட்டிக் குடுத்தேன். திரும்ப ஆட விடு."

அஞ்சலாட்சி என் மேல பாஞ்சா. "ஏண்டி, நல்லாருப்பியா நீ? என் பொழப்புல மண்ணை அள்ளிப் போடுறியே!"

"எவ்ளோ வேணா திட்டு. திட்டிக்கிட்டே போய் உக்காரு."

ஹேமலதா என்னை நாலடி தள்ளி நிக்கச் சொல்லிட்டு, ஆட்டத்தை மறுபடி போட்டுச்சு. அஞ்சலாட்சி கோவத்துல முதுகை நிமித்தி உக்காந்தா. நடுவுல, வலப்பக்கம் வந்த மீனை எல்லாம் டக்கு டக்குன்னு புடிச்சா. இடது ஓரத்துல ஒரு மீன் மின்னுச்சு, அணைஞ்சுது. இன்னொன்னு. அவ விரல் அசையவே இல்ல. நான் எண்ணிக்கிட்டே நின்னேன். கத்திச் சொல்லிடலாமான்னு தொண்டை வரைக்கும் வந்துச்சு, பல்லைக் கடிச்சுக்கிட்டேன்.

முடிஞ்சதும் கண்ணை மறைச்சிருந்த மூடியைக் கழட்டிட்டு என்னை மொறைச்சா. "பாத்தியாடி? ஒரு மீனைக்கூட விடல. நாலு பேர் முன்னால என் மானத்தை வாங்கினதுதான் மிச்சம்."

எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துருச்சு. "பதினோரு மீனுடி. பதினொன்னு வந்துட்டுப் போச்சு."

"பொய் சொல்லாத."

ஹேமலதாவைத் திரும்பிப் பாத்தா. அந்தப் பொண்ணு மெதுவா தலையை ஆட்டுச்சு.

இப்ப கிழிக்கப் போறான்னு நின்னேன். அவ டேப்லெட்டோட இடது ஓரத்தை விரலால தொட்டா.

"இங்கயா?"

"ஆமாண்டி. அங்கதான்."

விரலை எடுக்காமலே கேட்டா, "கதிர்காமம் கவர்மென்ட் ஆஸ்பத்திரியில காலையில எத்தினி மணிக்கு சீட்டு குடுப்பாங்கடி?"