கோமாட்டியின் கிளிக்கூண்டு

"நாம பொறந்து வளர்ந்த வீட்டுக்குள்ள போக நமக்கே டிக்கெட்டா, அக்கா?" வாசலிலேயே முறைத்தான் தம்பி ஒல்தா.

"வீடு இல்லடா, அரண்மனை. பேசாம செருப்பை மாட்டு."

மரத்தரை கீறிவிடாமல், ஷூவுக்கு மேலேயே மாட்டிக்கொள்ளும் கம்பளிச் செருப்பு. செக் நாட்டில், எங்கள் மொராவியா பக்கம் எந்த அரண்மனைக்குப் போனாலும் இது உண்டு. தலை நரைத்த ஒல்தா வாத்து மாதிரி நடந்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கோமான் குடும்பம் வெளியேறியதும், அரசுப் பண்ணைக் கூலிகளான எங்களைப் போன்றவர்களை அறைக்கொரு குடும்பமாக இங்கே குடிவைத்தார்கள். மாடியில் மூலை அறை எங்களுடையது. கம்யூனிஸ்ட் ஆட்சி போனதும் அரண்மனை மறுபடி அவர்களிடமே போய்விட்டது. எங்களுடையது என்று ஏதாவது ஒன்று மிச்சமிருக்காதா என்ற ஆசையில்தான் தம்பியை இழுத்து வந்தேன்.

சுற்றிக்காட்டியவள் கோமான் வீட்டுப் பெண் கிளாரா. மூலை அறைக்குள் நுழைந்ததும், "போருக்கு அப்புறம் வந்தவங்க வெச்சதையெல்லாம் ஒண்ணு விடாம எடுத்துட்டோம்" என்றாள் பெருமையாக.

அம்மாவின் அடுப்பு இருந்த இடத்தில் பட்டுத்திரை தொங்கியது.

"மேல பாருங்க, அந்தக் கொக்கி பழசு. கோமாட்டி அதுலதான் கிளிக்கூண்டு மாட்டியிருப்பாங்க."

ஒல்தா களுக்கென்று சிரித்தான். அப்பா அடித்த கொக்கி அது! குளிர்காலத்தில் பன்றி அடித்ததும், புகையூட்டிய தொடையைப் பக்கத்து அறைப் பூனைக்கு எட்டாமல் அதில்தான் தொங்கவிடுவார். வெளியே பனி கொட்டும். கூரையில் வரைந்த தேவதைகளுக்குக் கீழே அது மெல்லச் சுழலுவதைப் படுக்கையிலிருந்து பார்த்துக்கொண்டே தூங்கிப்போவோம். "கண்ணு வைக்காதீங்க, ஈஸ்டருக்கு வேணும்" என்பாள் அம்மா.

"அது வந்தும்மா, எங்க அப்பா..." என்று ஆரம்பித்தான் ஒல்தா.

அவன் செருப்பை ஓங்கி மிதித்தேன். உண்மை தெரிந்தால் நாளைக்கே பிடுங்கிவிடுவார்களே!

"என்ன சார்?"

ஒல்தா என்னைப் பார்த்தான். புரிந்துகொண்டான். "எங்க அப்பா சொல்வார், கிளி பேரு அமால்கா."

அமால்கா எங்கள் பன்றியின் பெயர்.

"அய்யோ, இவ்வளவு நாள் தெரியாமப் போச்சே!" கிளாராவின் முகம் மலர்ந்தது.

"கொழுகொழுன்னு இருக்குமாம்" என்றேன் நான்.

பிறகு குளத்தோரப் பெஞ்சில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு வந்த ரொட்டியும் பொரித்த கறியும் பிரித்தோம். தலைக்கு மேலே, திறந்திருந்த மூலை அறை ஜன்னலிலிருந்து, அடுத்த கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள் கிளாரா: "இந்தக் கொக்கியிலதான் எங்க அமால்கா..."

ஒல்தா மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அடுத்த ஞாயிறும் வரலாமா, அக்கா?"

"டிக்கெட் வாங்கணுமேடா!"

"வாங்கிட்டாப் போச்சு."