சுடாத பாம்படம்

1

இந்தக் கதை தேங்காய் பன் சுற்றி வந்த ஒரு காகிதத்தில் பிறந்தது. அம்பாசமுத்திரம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் அசன் மைதீன் மாமாவின் பேக்கரி இருக்கிறது. எடைக்கு வாங்கிய பழைய புத்தகங்களைக் கிழித்துத்தான் அங்கே பன்னைச் சுற்றுவார்கள். எனக்கு வந்தது ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையின் அரைப் பக்கம். எண்ணெய் பட்டு, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிந்தது. விதவிதமான நிறத்தில் காதணிகள். மேலே ‘பாலிமர் களிமண்’ என்று ஆங்கிலத்தில் தலைப்பு. கையால் பிசையலாம், அடுப்பில் வைத்தால் கெட்டியாகும், காதில் போட்டால் போட்டதே தெரியாது என்று எழுதியிருந்தது. எங்கே கிடைக்கும் என்ற இடத்தில் காகிதம் கிழிந்திருந்தது.

அதே பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். சாயங்காலம் மணி நாலு. உள்ளே ரொட்டி அடுப்பு பைய ஆறிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் ஒரு தகரத் தட்டு. அதில் நான் தேடிப் பிடித்த அந்த மண்ணால் செய்த ஒரு ஜோடி பாம்படம், இன்னும் சுடாதது. எதிரே என் அம்மா தங்கத்தாய், டீயில் பன்னை முக்கித் தின்றுகொண்டிருக்கிறாள். நாளைக் காலை பல்கலைக்கழகத்தில் எனக்குப் பட்டமளிப்பு விழா. அம்மா வருவாளா மாட்டாளா என்பது இன்னும் முடிவாகவில்லை.

அவ்வளவுதான் கதை. அவசரக்காரர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

(பெயரில் தங்கம் இருக்கிறவளுக்குக் காதில் தங்கம் இல்லை என்று ஒரு வாக்கியம் எழுதக் கை வருகிறது. எழுதமாட்டேன்.)

2

தொடக்கம் ஒன்று: ‘தாமிரபரணி அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது.’

அடித்துவிட்டேன். இந்த ஜில்லாவில் யார் கதை எழுதினாலும் ஆறு வந்து முதல் வரியில் உட்கார்ந்துகொள்கிறது.

தொடக்கம் இரண்டு: ‘என் படிப்புக்காக அம்மா தன் பாம்படத்தைத் தியாகம் செய்தாள்.’

இது பொய். யாரும் தியாகம் செய்யவில்லை. நான் கேட்டேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் படி மிதித்தவள் என்ற திமிரில் கேட்டேன். “இத யாரும்மா இப்பப் போடுதா? வித்துரு, பரீட்சைப் பீசு கட்டணும்” என்றேன். அம்மா சோப்புத் தண்ணீர் தடவி, அரை மணி நேரம் போராடிக் கழற்றினாள். டவுனில் ஒரு கடையில் தங்கத் தகட்டைப் பிரித்து எடுத்துக்கொண்டு, உள்ளே அடைத்திருந்த அரக்கை மட்டும் அவள் உள்ளங்கையில் கொட்டினார்கள். அதை ஏனோ முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள்.

தொடக்கம் மூன்று: ‘முதல் வருஷம் அம்மா என் கல்லூரி வாசலுக்கு வந்தபோது நான்

இது இப்படியே கிடக்கட்டும். பிறகு பார்க்கலாம்.

3

பாம்படம் பார்த்திராதவர்களுக்கு: சின்ன வயதிலேயே காதைக் குத்தி, கனம் போட்டுப் போட்டு இழுத்து, தோள்வரை தொங்கவிட்ட காதில் எங்கள் பக்கத்துப் பெண்கள் போடும் பெரிய நகை. அதைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது வெறும் சதை வளையம்.

அந்த வளையத்தை எனக்கு நன்றாகத் தெரியும். சிறு பிள்ளையாக இருந்தபோது பாம்படத்துக்கும் காதுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் ஒரு விரலை விட்டுக்கொண்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். அம்மா புரண்டால் நானும் புரளவேண்டும். இப்போதும் அவள் வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கும்போது, பக்கவாட்டில் நின்று பார்த்தால், அந்த வளையத்துக்குள் ஒரு துண்டு வயல் தெரியும். அவள் வாய் அசைய அசைய அந்தப் பச்சை ஆடும். காற்றில் ஆடுகிறதா, காதில் ஆடுகிறதா என்று சொல்லமுடியாது. அதையே பார்த்துக்கொண்டு நின்றால் கண் சொக்கும்.

இந்தக் காதோடு அம்மா நடவுக்குப் போவாள், ரேஷன் கடைக்குப் போவாள். நாலு பேர் கூடும் சபைக்கு மட்டும் வரமாட்டாள்.

“தாலியறுத்தவ மாதிரி மூளிக் காதோட வந்து அத்தன பேருக்கு முன்னால உக்காரச் சொல்லுதியா? ஒங்கய்யா கல்லுக்குண்டு மாதிரி உசுரோட இருக்காரு.”

“பெரியாஸ்பத்திரில வெட்டித் தச்சு விடுதாங்கம்மா. சின்னக் காதா ஆயிரும்.”

“தைக்கதுக்கு அது என்ன கிழிஞ்ச பாவாடையாட்டி?”

இரவல் கேட்கலாம்தான். ஆனால் நாலு வருஷம் சும்மா கிடந்ததில் காது நூலாக மெலிந்துவிட்டது. தங்கமோ பித்தளையோ, கனமாக எதைப் போட்டாலும் அறுந்துவிடும். அதனால்தான் அந்தக் காகிதத்தை நான் நாலாக மடித்துப் பத்திரப்படுத்தினேன். கனமே இல்லாத ஒரு மண்.

4

முதலில் எங்கள் ஜில்லாவுக்குள்ளேயே தேடினேன். நியாயமாக நீங்களும் அதைத்தான் செய்வீர்கள்.

டவுன் ரத வீதியில் காந்திமதிநாதன் அண்ணாச்சியின் பெயிண்ட் கடை.

“மண்ணா? ஆத்துல கெடக்கேம்மா, லாரி லாரியா அள்ளுதானே.”

“இது வேற மண்ணு அண்ணாச்சி. பாலிமர். அடுப்புல வச்சா கல்லாயிரும்.”

“எங்க வீட்டு இட்லியும் அப்பிடித்தான்” என்றார். பின்னால் இருந்து அவர் மனைவி இருமும் சத்தம் கேட்டது. அண்ணாச்சி குரலை இறக்கிக்கொண்டு, குழாய் ஓட்டையை அடைக்கும் பசையை எடுத்து நீட்டினார். அது பிசைந்த பத்து நிமிஷத்தில் இறுகிவிடும், கனமும் கூட. பேன்சி கடையில் கிளிஞ்சல் மாலை காட்டினார்கள். பல் செட் கட்டுகிறவர் ஒருவர், “காதுக்கெல்லாம் நான் செய்யதில்ல” என்று கையைக் கழுவினார்.

திரும்பும் பஸ்ஸில் தூங்கிப்போனேன். ஆறு முழுக்க மஞ்சளும் சிவப்பும் நீலமுமாகக் களிமண் கரைந்து வருவது போலவும், படித்துறையில் பெண்கள் அதைக் குடத்தில் மொண்டு காதில் மாட்டிக்கொள்வது போலவும் கனவு வந்தது. (கனவுகளைக் கதையில் எழுதக்கூடாது என்பது என் கொள்கை. இதை விட்டுவிட மனம் வரவில்லை.)

5

பாளையங்கோட்டையில் ஜேசுதாசன் சார் வைத்திருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டை இந்த வருஷம், தொண்ணூற்றொன்பதில், பிரவுசிங் சென்டராக மாற்றியிருந்தார். இருட்டான அறை, மூன்று கம்ப்யூட்டர். போன் லைன் கிடைக்கும்போது நரி ஊளையிடுவது மாதிரி ஒரு சத்தம் வரும். பிறகு படம். வெள்ளம் வடியும்போது ஆற்றுக்குள் நிற்கும் குறுக்குத்துறைக் கோயில் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருமே, அப்படித்தான் அந்தத் திரையில் எதுவும் வரும். முதலில் ஒரு நீலக் கோடு. நீலம் தடித்து ஒரு கட்டியின் விளிம்பாகும். கீழே ஒரு மஞ்சள் தலை நீட்டும். மின்சாரம் போனால் மறுபடி எல்லாம் மூழ்கிவிடும். நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த மண்கட்டிகள் கரையேறுவதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

“மண்ணு வாங்கவாம்மா கடல் தாண்டிப் போற?” என்றார் சார். ஆனால் நான் மின்னஞ்சல் அடித்தபோது பின்னால் நின்று, “டியர் சார் பக்கத்துல கமா எங்க?” என்று கேட்டது அவர்தான்.

ஒரு கடையின் விண்ணப்பத்தில் கார்டு நம்பர் கேட்டார்கள். ரேஷன் கார்டு நம்பரைப் போடலாமா என்றேன் நக்கலாக. சார் சிரிக்கவில்லை. யோசித்தார்.

பதினோரு பேருக்கு எழுதினேன். ஒன்பது பேர் பதிலே போடவில்லை. இங்கிலாந்தில் இருந்து ஒருவர், உங்கள் நாட்டுக்கு அனுப்புவதில்லை, மன்னிக்கவும் என்றார். பதினோராவது, பம்பாயில் வீட்டிலேயே கைவேலை வகுப்பு நடத்தும் ஒரு பெண். அவள் எழுதினாள்: தங்க நிறம் தீர்ந்துவிட்டது. என்னிடம் மிச்சம் இருப்பது தோல் நிறம். சுட்ட பிறகு மேலே வண்ணம் பூசிக்கொள்ளுங்கள்.

6

பம்பாயிலிருந்து வந்த பார்சலை அம்மாவும் நானும் பிரித்தோம். ‘தோல் நிறம்’ ரோஸ் பவுடர் நிறத்தில் இருந்தது.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு இரண்டு பக்கம் கட்டுரை எழுத நினைத்தேன். யாருடைய தோல்? யார் கூடி முடிவு செய்தார்கள்? நான்கு வரி எழுதினேன், பேனா நுனி காகிதத்தைக் கிழித்துவிட்டது. அம்மா அந்தக் கட்டியைத் தன் புறங்கைமேல் வைத்துப் பார்த்தாள். என் நான்கு வரியைவிட அவள் சொன்னது நன்றாக இருந்ததால் அதைப் போடுகிறேன்.

“எந்தத் தொரச்சாணி தோலுட்டி இது? பாவம், வெயிலே காணாத புள்ள போல.”

பிறகு நாங்கள் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மண் என்றதும் தண்ணீர் தெளித்துப் பிசைந்தோம். சோப்புக் கட்டி மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. தண்ணீரைத் துடைத்துவிட்டு உருவம் பிடித்து, நிழலில் மூன்று நாள் காயப்போட்டோம். மூன்றாம் நாளும் மெத்தென்றே இருந்தது.

“காயாத மண்ணு என்ன மண்ணு? அப்பிடியே ஒன்னய மாதிரி. சொன்னது கேக்க மாட்டேங்குது.”

அது மண்ணே இல்லை, பிளாஸ்டிக். தண்ணீர் ஒட்டாது. நூற்று முப்பது டிகிரி சூட்டில்தான் இறுகும். பம்பாய்க்காரி தெளிவாக எழுதியிருந்தாள், நானும் படித்திருந்தேன். பி.எஸ்ஸி. வேதியியல், முதல் வகுப்பு. ‘மண்’ என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் மூன்று வருஷப் படிப்பு எழுந்து வெளியே போய்விட்டது.

7

உருவம் பிடித்தோம் என்று ஒரே சொல்லில் தாண்டிவிட்டேன். வேண்டுமென்றுதான் தாண்டினேன்.

நான்தான் முதலில் உட்கார்ந்தேன். கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பாம்படம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. பதினெட்டு வருஷம் என் முகத்துக்கு நேரே ஆடிய பொருள். மற்றவர்கள் அதைப் பார்க்கிறார்களா என்று பார்த்ததில் நான் அதைப் பார்க்கவே இல்லை.

அம்மா வாங்கிக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு சதுரம், அதன்மேல் ஒரு உருண்டை, அதையொட்டி ஒரு தட்டை, ஓரத்தில் கிளி மூக்குப் போல ஒரு கூர். நடுநடுவே அதைக் காதுக்குக் கீழே பிடித்து, தலையை ஆட்டி, தாடை எலும்பில் எங்கே இடிக்கிறது என்று பார்த்துக்கொண்டாள். “இன்னுங் கொஞ்சம் கீழ இடிக்கும்” என்பாள். மறுபடி கண்ணை மூடுவாள். அவள் உதட்டில் ஒரு சிரிப்பு இருந்தது. எந்த ஊரில் எந்த வயதில் இருந்தாளோ, நான் கூப்பிடவில்லை.

சரி, அந்த மூன்றாவது தொடக்கத்தை முடித்துவிடுகிறேன்.

முதல் வருஷம் அம்மா என் கல்லூரி வாசலுக்கு வந்தபோது நான், பக்கத்தில் நின்ற வகுப்புத் தோழி மதுமதியிடம், “எங்க ஊர்க்காரங்க” என்றேன். அம்மா கொஞ்சம் தள்ளி, வறுத்த நிலக்கடலைப் பையோடு, பாம்படம் ஆட வந்துகொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்காது என்றுதான் நினைத்தேன். அடுத்த மாதம் வித்துரு என்றேன். பீசுக்காக மட்டும்தான் அப்படிச் சொன்னாயா என்று என்னைக் கேட்காதீர்கள்.

கேளுங்கள்.

8

அடுப்பு ஆறும்வரை சில முடிவுகள்.

முடிவு அ: பதமாகச் சுட்டெடுத்து, அண்ணாச்சி கொடுத்த, சாமி வாகனத்துக்குப் பூசும் தங்க வண்ணத்தைப் பூசி, அம்மா நாளைக்கு வந்து முதல் வரிசையில் உட்காருகிறாள். என் பெயரைக் கூப்பிடுகிறார்கள். வாரப் பத்திரிகைகள் இதைப் போடும்.

முடிவு ஆ: சூடு கூடி எல்லாம் கருகுகிறது. பிளாஸ்டிக் நாற்றத்தில் மாமா கத்துகிறார். அம்மா வரவில்லை. சிறு பத்திரிகைகள் இதைப் போடும்.

முடிவு இ: நானும் போகவில்லை. பட்டம் தபாலில் வருகிறது. நான் அதைப் பிரிக்காமல் (இது கோபத்தில் எழுதியது. விட்டுவிடுங்கள்.)

அடுப்பு வாயில் மாமா ஒரு சிட்டிகை மாவை உள்ளே வீசிவிட்டுக் குனிந்து பார்க்கிறார். தெர்மாமீட்டர் எல்லாம் இல்லை. மாவு சிவந்தால் சூடு அதிகம் என்று அர்த்தம்.

“இன்னுஞ் செவக்குது மகளே. பொறு.”

வெளிச்சத்தில் மாவுத்தூசி பொன் மாதிரி மிதக்கிறது. அம்மாவின் தலைமுடியில், வெறும் காதில் எல்லாம் படிகிறது.

“என்னட்டி அம்புட்டு எழுதுத?”

“கதை.”

“யாரப் பத்தி?”

“ஒன் காதப் பத்தி.”

“அதுல எழுத என்ன இருக்கு? ஓட்டைதான இருக்கு” என்று சொல்லிவிட்டு, பன் துண்டை விழுங்கிக்கொண்டு, “பெரிய கதையா?” என்கிறாள்.

“முடிவு வரமாட்டேங்கு.”

9

“மாவு வெள்ளையாவே கெடக்கு. கொண்டா மகளே, இப்ப வச்சாத்தான் உண்டு” என்று மாமா கூப்பிடுகிறார்.

தட்டைத் தூக்கப்போகிறேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறாள்.

(பிறகு எப்படி எழுதுகிறாய் என்கிறீர்களா? அவள் பிடித்திருப்பது என் இடது கையை.)

“ஏட்டி ராணி, ஒண்ணு கேக்கேன். நாளைக்கு இதப் போட்டுக்கிட்டு ஒம் பக்கத்துல வந்து நிக்கேன்னு வையி. அந்த மதுமதிப் புள்ளயும் வருவாள்லா? இது யாருன்னு கேட்டா என்ன சொல்லுவ?”

குரலில் கோபம் இல்லை. கடையில் உப்பு இருக்கிறதா என்று கேட்பது மாதிரிதான் கேட்டாள். நாலு வருஷமாக அவள் காதில் கிடந்தது அன்று வாசலில் நான் சொன்னதுதான் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

பதில் என்னிடம் இருக்கிறது. இங்கே எழுதமாட்டேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எழுதினால் உங்களுக்கு வந்து சேரும், அவளுக்குச் சேராது. இது வாயைத் திறந்து, சத்தமாக, அடுப்படியில் நிற்கும் மாமாவுக்கும் கேட்கும்படி சொல்லவேண்டியது.

இந்தத் தட்டைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். நான் சொல்வதைக் கேட்டுவிட்டு அம்மா இதை அடுப்பில் வைக்கச் சொல்வாளோ, இல்லை, இது இல்லாமலே வாரேன் என்பாளோ, தெரியாது. அதுவரை அழுத்திப் பிடிக்காதீர்கள். இன்னும் மெத்தென்றுதான் இருக்கிறது, உங்கள் விரல் பதிந்துவிடும்.

பேனாவை மூடுகிறேன்.