கேள்வி இருந்த வரி

பள்ளி வேன் எங்கே வருகிறது என்று பெற்றோருக்குக் காட்டும் செயலியை நடத்துகிற அலுவலகத்தின் வாசலில் ஓர் அம்மா போனை நீட்டிக்கொண்டு நின்றாள். திரையில் மஞ்சள் பள்ளி வேன் ஒன்று இதே வாசலில் நின்றிருந்தது. வாசலில் காவலாளியின் சைக்கிளைத் தவிர வேறொன்றும் இல்லை.

"வேன் இங்கதான் நிக்குதுன்னு காட்டுது. எம் புள்ள எங்க?"

பிள்ளை பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தாயிற்று என்று, அந்தச் செயலியை எழுதுபவர்களில் ஒருவனான அவன் சொன்னான். அவள் நகரவில்லை. பள்ளிக்கு அழைத்து, தன் போனை அவள் கையில் கொடுத்தான். பிள்ளையின் குரலைக் கேட்ட பிறகுதான் அவளுக்குக் கால் தரையில் பாவியது. திட்டக்கூட இல்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மச்சான் பார்த்த வேலை அது. அவனுடைய இறந்துபோன மனைவியின் அண்ணன், அடுத்த மேசைக்காரன். ஏதோ சோதித்துப் பார்ப்பதற்காக எல்லா வேன்களும் அலுவலக வாசலில் நிற்பதாக நிரலில் எழுதியிருந்தான். அந்த அரைகுறை மாற்றம் தன் ஃபோல்டரில் கிடப்பதை மறந்து, புதுப் பதிப்பை எல்லோர் போனுக்கும் அனுப்பும் ரிலீஸ் கட்டளையை ஓட்டிவிட்டான். பழைய பதிப்பை மீட்பதற்குள் எல்லாப் பெற்றோரின் போனிலும் எல்லா வேனும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தன.

"அனுப்புறதுக்கு முன்னாடி உங்களைக் கேக்கலையா அது?" என்றாள் மேலாளர்.

"கேட்டுச்சு மேடம். ஆமான்னு அடிச்சேன்."

அவள் இவன் பக்கம் திரும்பினாள். "ரிலீஸ் கருவியை மாத்துங்க. இவர் கண்ண மூடிக்கிட்டு கீபோர்டு மேல உக்காந்தாக்கூட தப்பு வெளிய போகக் கூடாது."

அந்தக் கருவியை எழுதியவள் அவன் மனைவி. அவளும் இதே அறையில்தான் வேலை பார்த்தாள். அனுப்பும் முன் அது கேட்கும் கேள்வியை வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதிவைத்திருந்தாள்: 'நெஜமாத்தான் சொல்றியா? இன்னொரு தடவ பாத்துட்டியா?' வந்த புதிதில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு யாரும் படிக்கவில்லை.

அந்தக் கருவியின் நிரலைத் திறந்தான். ஒவ்வொரு வரிக்கும் இடப்பக்கத்தில், அதைக் கடைசியாகத் தொட்டவரின் பெயர். ஆளாளுக்குத் திருத்தியதில் அவள் பெயர் தேய்ந்துகொண்டே வந்து, அந்தக் கேள்வி வரியில் மட்டும் மிஞ்சியிருந்தது. இவன் தொட்டால் அங்கே இவன் பெயர் வந்துவிடும். அவள் துணிமணிகளை மாமியார் மூட்டை கட்டி எடுத்துப்போனபோது கதவைப் பிடித்துக்கொண்டு வழிவிட்டவன் அவன். இந்த ஒற்றை வரிக்கு முன்னால் கை ஓடவில்லை.

அதைத் தொடாமலே சுற்றி வந்தான். மேலே ஒரு வரி சேர்த்து, கேள்வி சிவப்பில் தெரியும்படி செய்தான். மச்சானைக் கூப்பிட்டு, சோதனை சர்வரில் ஓட்டிப் பார்க்கச் சொன்னான். கேள்வி வந்தது. உடனே மச்சான் விரல் ஆமாம் என்பதற்கான ஒய் எழுத்தைத் தட்டியது, பிறகு எண்டர்.

"என்ன கலர்ல இருந்துச்சு மச்சான்?"

"கலரா? மாத்தினியா என்ன?"

"படிக்கவே மாட்டீங்களா?"

"அவ கேட்டு நான் எப்ப மாப்ள படிச்சேன்?" மச்சான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "சின்னப்புள்ளையிலேர்ந்தே அப்படித்தான். 'வாங்கித் தருவியா, நெஜமாவா, நெஜமாவா'ன்னு பிச்சுப் பிடுங்குவா. ஆள விட்டாப் போதும்னு ஆமான்னுடுவேன்." சிரிக்க ஆரம்பித்தான். பாதியிலேயே நின்றுவிட்டது.

மருத்துவமனையில் அவள் இவனிடமும் கேட்டாள். "எனக்குச் சரியாயிடும்தானே?" ஊசி குத்தியிருந்த கை போர்வைக்கு மேலே கிடந்தது. அவள் கேட்டு முடிப்பதற்குள் "ம்" என்றான். மறுநாளும் கேட்டாள். மறுநாளும் "ம்". அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னானா என்று இப்போது யோசித்தான். நினைவில் வந்ததெல்லாம் போர்வையின் கரைதான்.

பாத்துட்டியா என்றுதானே அவள் எழுதியிருக்கிறாள். மனிதன் பார்க்கமாட்டான். கருவியே பார்க்கட்டும்.

வரியை அழித்தான். ஃபோல்டரில் கமிட் ஆகாத, அதாவது முடித்துப் பதிவு செய்யாத மாற்றம் ஏதாவது கிடந்தால், அந்த ஃபைலின் பெயரைச் சொல்லிவிட்டுக் கருவி நின்றுவிடும்படி எழுதினான். கெஞ்சினாலும் நகராது. எல்லாம் சுத்தமாக இருந்தால் பேசாமல் அனுப்பிவிடும். என்ன மாற்றினாய் என்று குறிக்க வேண்டிய இடத்தில், 'கேள்வி எடுக்கப்பட்டது' என்று மட்டும் போட்டுக் கமிட் செய்தான். இடப்பக்கத்தில் அவன் பெயர் வந்தது. பழைய பதிப்புகளைத் தோண்டினால் அவள் வரி கிடைக்கும். மேலே இனி இல்லை.

"இப்ப ஓட்டுங்க மச்சான்."

மச்சான் ஓட்டினான். கருவி, வேன்களை வாசலில் நிறுத்திய அந்த ஃபைலின் பெயரைக் காட்டி நின்றது. "அட, இது இன்னும் கெடக்குதா" என்று மச்சான் காதைச் சொறிந்தான். அந்த மாற்றத்தைத் தூக்கிவிட்டு மறுபடியும் ஓட்டினான். எதுவும் கேட்காமலே வரிகள் மளமளவென்று மேலேறின. முடிந்தது.

"போயிடுச்சு" என்றான் இவன்.

மச்சான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் விரல் ஒய் எழுத்தின் மேல் இருந்தது. அழுத்தவும் இல்லை, எடுக்கவும் இல்லை.