ராங் நம்பர் கிரகப்பிரவேசம்

எனக்கும் என் அண்ணன் வளவனுக்கும் போனில் நேராகப் பேசிப் பழக்கமில்லை. கல்யாணமாகி நான் திருவண்ணாமலைக்கு வந்த வாரம், அவன் கீழ்பென்னாத்தூரிலிருந்து கூப்பிட்டு, "பஸ் ஸ்டாண்ட் விசாரணைங்களா?" என்று கேட்டான். குரல் தெரிந்தும், "ஆமாங்க, பெங்களூர் வண்டி இப்பதான் போச்சு, நாளைக்கு வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று பிடித்த பைத்தியம், பதினொரு வருஷமாக விடவில்லை.

அவன் எந்த இடத்தைக் கேட்கிறானோ நான் அந்த இடமாகிவிட வேண்டும். நான் கேட்டால் அவன். ரைஸ் மில், லாட்ஜ், கரண்ட் ஆபீஸ், மாட்டு ஆஸ்பத்திரி. முதலில் சிரிப்பவர் "தோத்துட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் வீட்டுச் சமாசாரம். அண்ணன் நூறு தடவையாவது சொல்லியிருப்பான். நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சிரிப்பு முட்டினால் போனை வைத்துவிடுவேன். அது போங்கு என்பான். சொல்லிவிட்டுப் போகட்டும்.

வேங்கிக்காலில் நாங்கள் வீடு கட்டத் தொடங்கியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அஸ்திவாரம் போட்டபோதே, "கலெக்டர் ஆபீஸ்லருந்து பேசறோம், நாளைக்கு அன்புச்செல்வி வீட்டு கிரகப்பிரவேசம், குடும்பத்தோட ஆஜராகணும்" என்று அண்ணனுக்கு உத்தரவு போட்டேன். தளம் போட்டதும் இன்னொரு தடவை. பூச்சு வேலையின்போது மூன்றாவது தடவை.

ஐப்பசியில் நிஜமாகவே நாள் குறித்தோம். அன்றும் அதே கலெக்டர் ஆபீஸ் குரலில்தான் கூப்பிட்டேன். "மேடம், அன்னிக்கு எனக்கு வேலூர் கோர்ட்ல வாய்தா இருக்கே" என்று அழுத குரலில் அவன் கெஞ்ச, எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வைத்துவிட்டேன். அதனாலென்ன, பத்திரிகையை நேரில் கொடுக்கத்தான் என் வீட்டுக்காரர் சக்திவேல் போகிறாரே என்று இருந்துவிட்டேன்.

விசேஷத்தன்று காலை ஆறரை மணிக்கு அந்தப் பத்திரிகை அவருடைய பைக் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

"நீதான் போன்ல சொல்லிட்டியேன்னு..." என்றார். பட்டு வேட்டி கட்டியிருந்ததால் தப்பித்தார்.

எங்கள் பக்கத்தில், புது வீட்டில் பால் காய்ச்சும் பாத்திரம் பிறந்த வீட்டிலிருந்துதான் வரவேண்டும். கூடப்பிறந்தவன் அதைக் கையில் கொடுக்க வேண்டும். அப்பா அம்மா இல்லாத எனக்கு, பிறந்த வீடு என்றால் வளவன் ஒருவன்தான். முகூர்த்தம் ஏழரையோடு முடிகிறது. "இன்னாம்மா, பொறந்த வூட்லருந்து ஒருத்தரையும் காணோம்?" என்று என் மாமியார் சந்திரம்மாள் மூன்று அத்தைகளுக்குக் கேட்கும்படி விசாரித்தார். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

மாடிப்படிக்குப் போய் அண்ணனைக் கூப்பிட்டேன். பின்னால் ஆட்கள் பேசும் சத்தம். நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தான்.

"ணா, நான் செல்வி. இன்னிக்கு கிரகப்பிரவேசம். நீ ஏன் வரல?"

"வணக்கம் மேடம். வாய்தாவுக்கு வந்திருக்கேன். ஜட்ஜ் ஐயா எதுர்லயே நிக்கிறேன்."

"ணா, வெளையாட்டு இல்ல. நெசமாத்தான்."

"போன தடவயும் நெசமாத்தான்னீங்க மேடம்."

அழுதேவிட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அழுகை நல்லா வருது மேடம், ஆனா கொஞ்சம் ஜாஸ்தி" என்றான்.

போனை வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். "மச்சான், சத்தியமா இன்னிக்குத்தான்" என்றார் அவர். "மாப்ள, நீங்களும் ஆபீஸ்ல சேர்ந்துட்டீங்களா?" என்று பதில் வந்தது. வழியில்லாமல் ஐயர் கையிலேயே கொடுத்தேன். பாவம், அவர் திதி, நட்சத்திரம், லக்னம் எல்லாம் ஒழுங்காகச் சொன்னார். "ஐயர் யாருங்க? குரல் அப்படியே பொருந்துது" என்று அண்ணன் பாராட்டியிருக்கிறான். ஐயர் முறைத்துக்கொண்டே போனைத் திருப்பித் தந்தார். முகம் காட்டிப் பேசலாமென்றால், நிலத்துக்கு அவன் எடுத்துப்போவது பட்டன் போன்.

மணி ஆறு நாற்பத்தைந்து. கீழே ஐயர் மணை போட்டாகிவிட்டது. பிறந்த வீட்டு ஆள் இல்லாமல் அதில் போய் உட்கார எனக்கு மனசு வரவில்லை.

"ணா" என்றேன்.

"சொல்லுங்க மேடம்."

"தோத்துட்டேன்."

அவன் வாயைத் திறப்பதற்குள் மறுபடியும் சொன்னேன்.

"தோத்துட்டேன்ணா. தோத்துட்டேன், தோத்துட்டேன். வந்துடு."

"ஐயையோ!" என்று ஒரு அலறல். அதற்கப்புறம், "ஏய் வள்ளி! வண்டி சாவி எங்க?" என்று அண்ணியை அழைத்தபடி அவன் வரப்பில் ஓடுவது எனக்குக் கேட்டது. போனை அணைக்கக்கூட இல்லை.

ஏழு இருபதுக்கு வாசலில் பைக் நின்றது. மடித்துக் கட்டிய லுங்கி, முழங்கால் வரை சேறு, தலையில் கடலைச் செடியின் இலை. பின்னால் வள்ளி அண்ணி, தூக்கிச் செருகிய சேலையை இறக்கிவிட்டுக்கொண்டே வந்தார். அண்ணன் கையில் அவர்கள் வீட்டில் தினமும் பால் காய்ச்சுகிற பாத்திரம். அடி கருத்து, ஒரு பக்கம் நசுங்கி இருந்தது.

"புதுசு வாங்க கட எதுவும் தொறக்கலம்மா" என்று நீட்டினான். மாமியார் வாயைத் திறந்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். ஐயர் மட்டும் அண்ணனை ஏற இறங்கப் பார்த்து, "நான் நெஜ ஐயர்தான்" என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது.

ஏழு இருபத்தேழுக்குப் பால் பொங்கி, புது மேடையெல்லாம் வழிந்தது.

சாப்பாட்டுப் பந்தியில் அவன் இலைக்கு நானே நின்று பரிமாறினேன். இரண்டாவது வடை வைக்கும்போது கேட்டேன், "நான் அழுதேன், நம்பல. உங்க மாப்ள சத்தியம் பண்ணாரு, நம்பல. ஐயரயே நம்பல. அந்த ஒரு வார்த்தய மட்டும் எப்படிணா நம்புன?"

அண்ணன் வடையைப் பிட்டுச் சாம்பாரில் தோய்த்தான்.

"நீ வெளையாட்டுக்கு அழுவ, வெளையாட்டுக்கு சத்தியமும் பண்ணுவ. தோத்துட்டேன்னு மட்டும் வெளையாட்டுக்குக்கூட சொல்ல மாட்ட. நீ சொன்னதும், இவளுக்கு நாம வேணும்டா இன்னிக்குன்னு தோணுச்சு. அவ்ளோதான்."

எனக்கு அழுகை வந்தது. இந்த முறை அவன் மார்க் எதுவும் போடவில்லை.