ஏழாம் தாழிக்குக் காத்திருந்தவர்கள்

படம் வரப்போகிறது என்று மூன்றாவது முறையாகச் சொன்னார்கள். முதல் முறை சொன்னபோது எனக்கு முப்பத்தைந்து வயது. கடை வாசலில் பட்டாசு வெடித்தேன். இரண்டாம் முறை இயக்குநருக்கும் கதாநாயகிக்கும் சண்டை வந்து, ஆளுக்கொரு நாட்டுக்குப் போய்விட்டார்கள். மூன்றாம் முறை எங்கள் ரசிகர் சங்கத்துச் சின்னப்பெண் யோசெலின் கத்திக்கொண்டே கடைக்குள் ஓடி வந்தபோது நான் நகல் இயந்திரத்தில் சிக்கிய தாளை இழுத்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

"நெமேசியோ அய்யா! ஏழாம் தாழி! நிஜமாவே எடுத்து முடிச்சிட்டாங்க! அக்டோபர் இருபத்தெட்டு!"

"எந்த வருஷத்து அக்டோபர்?" என்றேன்.

"போங்க நீங்க. வயசானாலே இப்படித்தான் ஆயிடுவாங்க போல."

வயதில் ஒன்றுமில்லை. இலவு காத்த கிளிக்கு அந்தப் பஞ்சு எத்தனை தடவை முகத்தில் பறந்தால் புத்தி வரும்? எனக்கு இரண்டு தடவையிலேயே வந்துவிட்டது.

பொலிவியாவின் கொச்சபாம்பாவில், பல்கலைக்கழகத்துக்கு எதிர்வரிசையில் என் நகல் கடை இருக்கிறது. படமாக எடுக்கிற 'ஏழாம் தாழி' லா பாஸில் ஐந்நூறு பிரதி அச்சான நாவல். அதில் பாதி கிடங்கில் வெள்ளத்தில் போயிற்று, மீதி எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. மறுவருடமே எழுதியவரும் போய்ச் சேர்ந்தார். ஒரே ஒரு பிரதி ஒரு லாரிக்காரர் மூலம் என் கைக்கு வந்தது. தொண்ணூற்று நான்கில் அதை முழுக்க நகலெடுத்தேன். அன்று தொடங்கியது வியாதி. சோளக்கள் விற்கிற ஒருத்தி, மண்ணில் கழுத்துவரை புதைத்த ஏழு தாழிகள், ஏழாவதற்குள்ளிருந்து மழை இரவில் கூப்பிடும் ஒரு குழந்தையின் குரல். படித்தவன் தூங்கவில்லை, தூங்காதவன் சிநேகிதனுக்கு ஒரு நகல் கேட்டு வந்தான். ஒரூரோ, சுக்ரே, எல்லை தாண்டிக் குஸ்கோ வரைக்கும் போனதெல்லாம் என் நகலின் நகல்கள்தான். ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தில் என் கடையின் முத்திரை மங்கலாகத் தெரியும்.

எங்கள் ரசிகர் சங்கம் சனிக்கிழமை காலைகளில் கடையில் கூடும். ஆளுக்கொரு சல்தேன்யா, உள்ளே இறைச்சிக் குழம்பு வைத்துச் சுட்ட மாவுப் பண்டம், வாங்கி வருவார்கள். எங்கள் ஊர்க்காரன் யார் என்று கண்டுபிடிக்க அடையாள அட்டை வேண்டியதில்லை, கையில் ஒரு சல்தேன்யாவைக் கொடுத்தால் போதும். மேல்நுனியைக் கடித்து, உள்ளே ததும்புகிற கொதிகுழம்பை ஒரு சொட்டுச் சிந்தாமல் உறிஞ்சுபவன் ஊர்க்காரன். சட்டையில் ஊற்றிக்கொள்பவன் வெளியூர். இந்தக் கணக்கில் நான் பிறந்ததிலிருந்தே வெளியூர்க்காரன்.

"நெமே, உன் சட்டையைப் பிழிஞ்சா இன்னொரு சல்தேன்யா செய்யலாம்" என்பாள் எதெல்வினா. முப்பது வருடமாக அதே கேலி.

எதெல்வினா பள்ளியில் இலக்கியம் சொல்லிக்கொடுத்தவள். சங்கத்தில் எல்லோருக்கும் அவள் டீச்சர். என்னோடு மட்டும் வாடா போடா. கண் நரம்பு பட்டுப்போய்க்கொண்டிருந்தது. பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கி, இப்போது குழாய் வழியாகப் பார்ப்பது மாதிரி நடுவில் கொஞ்சம்தான் மிச்சம். கிறிஸ்துமஸ் வரை தாக்குப்பிடிக்கும், அதற்குமேல் உத்தரவாதமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அக்டோபர் போதும்டா எனக்கு. அந்தத் தாழி எவ்வளவு பெருசு, மூடி எப்படி இருக்கும்னு ஒரு தடவை கண்ணால பாத்துடறேன். அப்புறம் கண்ணு போனா போகட்டும்."

அவளுக்காக மட்டுமே நானும் மறுபடி காத்திருக்கத் தொடங்கினேன். தேதியைக் கடைச் சுவரில் ஒட்டியதும் நான்தான்.

ஆகஸ்டில் முன்னோட்டம் வந்தது. இரண்டு நிமிடம். கடையில் பதினெட்டுப் பேர் யோசெலினின் கைப்பேசியை மொய்த்தார்கள். எதெல்வினா அதை வாங்கி மூக்கில் ஒட்டாத குறையாக வைத்துப் பார்த்தாள். மழை, வெள்ளைக்கொடி கட்டிய கள்ளுக்கடை, தாழிகள். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு அந்தக் காட்சி: அந்தப் பெண் ஏழாம் தாழியின் மூடிமேல் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் குழந்தை தூங்குகிறது.

"என்னது இது?" என்றாள் யோசெலின். "மூடிமேல உக்காருறாளா? புத்தகத்துல எங்க இருக்கு?"

எங்கேயும் இல்லை. அந்த இடம் எங்களுக்கு வேதம். 'அவள் மூடியைப் பார்த்தாள்' என்று ஒரு வரி. அடுத்த வரி, 'காலையில் மழை நின்றிருந்தது.' நடுவில் ஒன்றுமே கிடையாது. இரவு முழுவதையும் எழுத்தாளர் விழுங்கிவிட்டார். அந்தக் காலையிலிருந்து கதை முடியும்வரை அவளுடைய குழந்தை ஒரு வார்த்தை பேசாது. ஏன் என்று முப்பது வருடமாகச் சண்டை போட்டிருக்கிறோம். 'மகா மௌனம்' என்று அதற்குப் பெயர் வைத்ததே எதெல்வினாதான். அதைப்பற்றி அவள் பேசிய பேச்சை நகலெடுத்துப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறேன்.

எழுத்தாளரின் மகள் ஒரு பேட்டியில், "அது அப்பா எழுதின காட்சிதான்" என்றார். எங்கள் ஆட்கள் சிரித்தே கொன்றார்கள். பெற்ற அப்பன் புத்தகத்தைப் படிக்காத பெண் என்று படம் போட்டுக் கேலி செய்தார்கள். அந்தக் கேலிக்கு நானும் சிரித்தேன், மறைப்பானேன்.

மனு எழுதினோம். வாசகம் என்னுடையது, அச்சடித்தது என் இயந்திரம். "இல்லாத காட்சியை வெட்டும்வரை படத்தைப் புறக்கணிப்போம்." முதல் கையெழுத்து டீச்சருடையதாக இருக்கவேண்டும் என்றாள் யோசெலின்.

நான் எதெல்வினாவைத் தனியாகக் கேட்டேன். "யோசிச்சுப் போடு. வம்பு வளந்தா தேதி தள்ளிப்போகும்."

"தப்பா பாக்கறதுக்குப் பாக்காமலே இருக்கலாம்" என்றாள். "இடத்தைக் காட்டு, எங்க போடணும்?"

அவள் விரலைப் பிடித்துக் கோட்டின்மேல் வைத்தேன்.

நாற்பத்தோராயிரம் கையெழுத்துச் சேர்ந்தது. செப்டம்பர் கடைசியில் படக் கம்பெனி பணிந்தது. காட்சியை நீக்குகிறோம், அதனால் இசை, தொகுப்பு எல்லாம் மறுபடி செய்யவேண்டும், படம் ஜூன் பன்னிரண்டில் வரும் என்று அறிக்கை. கடையில் திருவிழா. ஒருவர் தலையில் ஒருவர் வண்ணக்காகிதத் துணுக்குகளைக் கொட்டிக்கொண்டார்கள். யோசெலின் மேசைமேல் ஏறி, "நாமதான் ஜெயிச்சோம்!" என்று கத்தினாள். எதெல்வினாவின் தலையிலும் ஒரு பிடி கொட்டினார்கள். அவள் அதைத் தட்டிவிடாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

எல்லோரும் போனபின் கேட்டாள்: "ஜூனுக்கு எத்தனை மாசம்டா?"

அவளுக்கு எண்ணத் தெரியாதா என்ன.

நவம்பரில் அவளால் எழுத்தைப் படிக்க முடியாமல் போயிற்று. ஞாயிறு மதியங்களில் அவள் வீட்டுக்குப் போய் நாவலை வாசித்துக் காட்டத் தொடங்கினேன். நகல் வேண்டாம், அசலையே கொண்டு வா, அந்தத் தாளை ஒருதரம் தடவிப் பார்க்கவேண்டும் என்றாள். பழைய பிஸ்கட் டப்பாவிலிருந்து அதை எடுத்தேன். தொண்ணூற்று நான்கில் மூடியது. அதற்குப்பின் எடுத்ததெல்லாம் முதல் நகலிலிருந்துதான்.

மூன்றாவது ஞாயிறு அந்த இடம் வந்தது. 'அவள் மூடியைப் பார்த்தாள்.' பக்கம் நூற்றுப் பதிமூன்று. திருப்பினேன். தாள் அட்டை மாதிரி தடித்திருந்தது. அடுத்த பக்கத்தின் எண் நூற்றுப் பதினாறு. எங்கள் நகல்களில் பக்க எண் கிடையாது; புத்தகம் தாளைவிட நீளம், அடிப்பகுதி வெட்டுப்படும், போகட்டும் என்று அன்று நான்தான் விட்டேன்.

ஓரத்தில் நகத்தைக் கொடுத்தேன். இரண்டு தாள்கள் ஒட்டியிருந்தன. நடுவில் எண்ணெய்க் கறை, அதில் காய்ந்த மிளகாய்த் தோல் ஒன்று.

நகலெடுத்த அந்தக் காலை நினைவுக்கு வந்தது. இடது கையில் சல்தேன்யா, வலது கையில் புத்தகம்.

"ஏன்டா நிறுத்திட்ட? வாயில கொழுக்கட்டையா?"

'காலையில் மழை நின்றிருந்தது' என்று வாசித்துவிட்டுப் போயிருக்கலாம். அவளுக்குத் தெரியப்போவதில்லை. உண்மையைச் சொன்னால், அப்படிச் செய்யத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள், சத்தம் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பிப் புன்னகையோடு அந்த வரிக்குக் காத்திருந்தாள். என்னால் முடியவில்லை.

"எதெல்வினா, நடுவுல ரெண்டு பக்கம் இருக்கு" என்றேன்.

சமையலறையில் கெண்டியை வைத்து, ஆவி காட்டித் தாள்களைப் பிரித்தேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வாசிக்க, நின்றபடியே கேட்டாள். தாழிக்குள்ளிருந்து குழந்தை கூப்பிடுகிறது. ஆனால் குழந்தை கள் விற்கிறவளின் மடியில் தூங்குகிறது. இரண்டு பேருக்கும் ஒரே குரல், ஒரே பெயர். இவள் மடியிலிருக்கும் பிள்ளையை நம்புகிறாள். மூடிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, உள்ளேயிருக்கும் குரல் அடங்கும்வரை தாலாட்டுப் பாடுகிறாள். உள்ளே இருந்தது, "அம்மா, மடியில இருக்கறது நான் இல்ல" என்று சொல்லிக்கொண்டே அடங்குகிறது.

அடுப்பை அணைத்தேன்.

"அதான் அதுக்கப்புறம் அந்தப் புள்ள பேசவே இல்லியா" என்றாள் எதெல்வினா. பிறகு சிரித்தாள். கேட்க நன்றாக இல்லாத சிரிப்பு. "மகா மௌனம்! முப்பது வருஷம் பாடம் நடத்தினேனேடா! சல்தேன்யாக் குழம்புக்கு!"

"மன்னிச்சுடு."

"உன்னைத் திட்டி என்ன ஆகப்போவுது. முதல் கையெழுத்து யாருது?" சுவரைத் தடவி நாற்காலியைக் கண்டுபிடித்து உட்கார்ந்தாள். "அக்டோபர்ல எனக்குக் கண்ணு இருந்துச்சு நெமே. அந்த டைரக்டர் சரியாத்தான் எடுத்து வெச்சிருந்தான். நான் பாத்திருப்பேன்."

சொந்தக் காசில் சூனியம் என்பார்களே, அது இதுதான். நாற்பத்தோராயிரம் பேர் சேர்ந்து வைத்த சூனியம். பலித்தது இவள் ஒருத்திக்கு.

அடுத்த சனிக்கிழமை சங்கத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். பக்கங்களை மேசையில் விரித்து, கறையைக் கூடக் காட்டினேன். யோசெலின் குனிந்து பார்த்தாள், முகர்ந்தும் பார்த்தாள்.

"எழுத்து புதுசா இருக்கு" என்றாள்.

"முப்பது வருஷம் வெளிச்சம் படாம ஒட்டிக் கிடந்தது, புதுசாத்தான் இருக்கும்."

"நேரா கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. கம்பெனிக்காரன் உங்களுக்கு என்ன குடுத்தான்?"

"என்ன பொண்ணே பேசற?"

"அந்த மௌனம்தான் நாவலே. அதுல போய் இந்த மாதிரி ஒரு சீனை அவரு எழுதியிருப்பாரா? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க."

அவளோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. அந்த மௌனத்தை அவளுக்கு விற்றவனே நான்தானே. இப்போது பொருள் சரியில்லை என்றால் யார் திருப்பித் தருவார்கள்? எதெல்வினா எழுந்து, "நெமே சொல்றது நிஜம்" என்றாள். டீச்சர் பாவம், கண் தெரியாது, எதை வாசித்தாலும் நம்புவார் என்று முணுமுணுத்தார்கள். ஒரு வாரத்தில் குழுவிலிருந்து என்னை நீக்கினார்கள். கூட்டம் இப்போது யோசெலின் வீட்டில் நடக்கிறது என்று கேள்வி.

கிறிஸ்துமஸுக்கு ஒன்பது நாள் முன்னாலேயே எதெல்வினாவுக்கு முழுக்க இருட்டிவிட்டது.

ஜூன் எங்களுக்குக் குளிர்காலம்; பன்னிரண்டாம் தேதி நல்ல குளிர். படத்துக்குப் போகவேண்டாம் என்றேன். "டிக்கெட் எடுத்தியா இல்லியா?" என்றாள். தியேட்டர் வாசலில் நாவலின் புதிய பதிப்பை அடுக்கி வைத்திருந்தார்கள், அந்த இரண்டு பக்கமும் சேர்ந்தது. யாரும் வாங்கவில்லை. படத்துக்காகச் சேர்த்த பக்கங்கள், வாங்காதீர்கள் என்று யோசெலினின் ஆட்கள் துண்டுச்சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். வேறு கடையில் நகலெடுத்தது. கறுப்பு சரியாகப் பிடிக்கவில்லை.

உள்ளே அவள் காதருகே குனிந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"தாழி பெருசா?"

"பெருசு. ஒரு ஆள் நிக்கலாம்."

"மூடி?"

"மரம். நடுவுல கயிறு."

"இப்ப?"

"மூடியைப் பாக்கறா."

திரை இருண்டது. பிறகு வெளிச்சம், ஈர முற்றம், சேவல். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. விசில் பறந்தது. எங்கள் மௌனத்தை அப்படியே காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்கள். எதெல்வினாவின் கை தேடி வந்து என் முழங்காலைப் பிடித்தது.

"வெட்டிட்டாங்க, இல்ல?"

"வெட்டிட்டாங்க."

"நீ சொல்லு."

எனக்கு அந்த இரண்டு பக்கமும் மனப்பாடம். சொல்லத் தொடங்கினேன். கைதட்டல் அடங்கிற்று, படம் ஓடியது, நான் நிறுத்தவில்லை. மடியில் தூங்கும் குழந்தையைச் சொன்னேன். குரலைச் சொன்னேன். அவள் மூடிமேல் ஏறி உட்கார்ந்ததைச் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் என் தோளைத் தட்டினாள். அவள் மடியில் நாவலின் கசங்கிய நகல். முதல் பக்கத்து முத்திரை அரையிருட்டிலும் எனக்குத் தெரியும்.

"அய்யா, தெரியாட்டா பேசாம இருங்க. அது புத்தகத்துலயே இல்ல."

எதெல்வினா திரும்பவில்லை. என் முழங்காலை விடவும் இல்லை.

"அப்புறம்? எந்திரிச்சாளா?"

"இல்ல" என்றேன். "விடியற வரைக்கும் எந்திரிக்கவே இல்ல."